எள்ளளவுத் தையல்

வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக, தையல்கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளை இணைத்து ஒரு பெரிய போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு ஓரத்தை மடியில் போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க ஜெஸ்பின் எழப் பார்த்தாள். மறுநாள் காலையில் ஓசூரில் வேலைக்குச் சேர வேண்டும்; பஸ்ஸை விட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். ஆனால் முடியவில்லை. பாவாடை போர்வையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

"போர்வைக்கூடயே குடித்தனம் பண்ணப்போறியாட்டி?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

வழக்கம்போலத் தன் கவனக்குறைவுதான் என்று ஜெஸ்பின் வெட்கத்தோடு குனிந்து பார்த்தாள். அவள் தையல் எப்போதும் கோணலாக, ஓர் அரிசி நீளத்துக்குப் போகும். இது எள்ளளவுத் தையல். அங்கே அப்படித் தைக்கக்கூடியவள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருத்திதான். ஜெஸ்பினை வளர்த்தவள்.

"அந்தக் கத்தரிக்கோலக் குடுங்க."

"தர்மத்துக்குத் தெச்சதப் பிரிக்கப்பிடாது, மக்ளே," என்றாள் பெரியம்மா, ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"பிரிக்கல்ல பெரியம்மா. என் பாவாடையத்தான் வெட்டப்போறேன்."

எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தரிக்கோல் புறப்பட்டது. ஒவ்வொருத்தியும் தன் நூலை நறுக்கிவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். பெரியம்மாவும் நறுக்கினாள், பிறகு அதை வந்த வழியே திருப்பி அனுப்பினாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. தையலுக்குச் சற்று மேலே, ஜெஸ்பின் பாவாடையைக் கிழிக்க வாகாக இரண்டு கைகளாலும் இறுகப் பற்றினாள்.