நான்கு விரல்கள்

எங்கள் செருப்புக் கடையின் விளம்பரத்துக்கு ஃப்ரீலான்ஸ் ஆலோசகன் சஞ்சீவை வைத்தது நான்தான். என்னையும் செருப்பு தைக்கும் அப்பாவையும் சேர்த்துப் படமெடுத்தவன், விளம்பரப் பலகையைக் கடை வாசலுக்கு மேலே மாட்டிவிட்டுத்தான் காட்டினான். அதில் நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா எங்கடா?"

"அவரு பிராண்டுக்கு செட் ஆகல மேடம். நீங்க படிச்சவங்க, உங்களுக்கே புரியும்."

படித்த பாவத்துக்கு அறையாமல் நின்றேன். அப்பாவை அழித்தவன், என் தோளைப் பற்றியிருந்த அவருடைய நான்கு விரல்களை, நகக்கண்ணின் பசைக்கறையோடு, அப்படியே விட்டிருந்தான்.

"ஐயோ, மிஸ் ஆயிடுச்சு. இப்பவே எடுத்துடறேன்."

"தொட்டுப் பாரு."

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்து பலகையை அண்ணாந்து பார்த்தார். "நல்லாத்தான் வந்திருக்கு பாப்பா," என்றார். அவருடைய வலது கை மட்டும் மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது.