கேக் மேல் நிற்கப்போகிறவள்

இந்தோனேசியாவின் சுரபாயாவில், பொம்மை செய்யும் வெனிங்கின் மேசைமேல், கல்யாண கேக்கில் வைக்கும் மணமகள் பொம்மை நிற்கிறது. விரல் உயரம், அடுப்பில் வெந்தால் இறுகும் பாலிமர் களிமண், இன்னும் வேகாதது. சன்னல் வெயில் அதன் வழுவழுப்பான கன்னத்தில் மினுங்குகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் மணப்பெண் கினாந்திக்கு இடக்கன்னம் முழுக்கப் பிறவியிலேயே படர்ந்த சிவப்பு மச்சம். "பொம்மைக்காவது மூஞ்சி சுத்தமா இருக்கட்டும்," என்கிறாள் மாப்பிள்ளையின் அம்மா, விசிறியை ஆட்டியபடி. வெனிங் களிமண் செதுக்கும் ஊசியைக் கீழே வைக்கிறாள். கினாந்தி சிவப்புக் களிமண்ணில் ஒரு துளி கிள்ளி, பொம்மையின் கன்னத்தில் அப்பி, கட்டைவிரலால் காதுவரை தேய்க்கிறாள். "அது நான்தான்னு தெரிய வேணாமா, அத்தை?" விசிறி நிற்கிறது. "போட்டோவுல விழும்டி." "நல்லா விழட்டும்." பொம்மையைத் தட்டில் வைத்து, கினாந்தியே தூக்கி மின்னடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறாள். "வெந்துட்டா அழிக்க முடியாதில்ல, அக்கா?" வெனிங் அடுப்பின் குமிழைத் திருகுகிறாள். "சுரண்டினாக்கூடப் போகாது."