உசத்தி மேண்டலின்

“மட்டமானதெல்லாம் எங்களுக்கு வேணாம்ண்ணே. நல்ல உசத்தியா ஒரு மேண்டலின் காட்டுங்க” என்றாள் மரிய புஷ்பம்.

காதில் விழுந்தது சரிதானா என்று தர்மராஜுக்குச் சந்தேகமாகிவிட்டது. அரியலூர்க் கடைத்தெருவில் இருபது வருஷமாக வாத்தியக் கடை நடத்துகிறவர் அவர். ஆர்மோனியம், புல்லாங்குழல், மேண்டலின் விற்பனை. சும்மா இருக்கிற நேரத்தில் ரேடியோ ரிப்பேர். புருஷன் ஆசையாக ஒன்றைத் தொட்டுவிட்டால் போதும், ‘கெடக்கு, வாங்க போவலாம்’ என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற பெண்டாட்டிகளைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார். அந்தப் பாழாய்ப்போன வாரத்தில் ஒரு குழல்கூட விலைபோகவில்லை. மத்தியான வெக்கையில் கண் சொருகி உட்கார்ந்திருந்தவர், அலுப்போடு எழுந்தார்.

“தம்பி வாசிப்பாரா?”

“வாசிப்பாராவா? இவரு கைய வச்சா நாலு ஊரு சனம் கூடிரும்ண்ணே. அதான் இவரே பாத்து எடுக்கட்டும்னு கூட்டியாந்தேன்.”

தம்பி என்பவன் அவள் புருஷன் சவரியார். ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையில் மூட்டை கட்டுகிற வேலை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறான் போலிருக்கிறது. புருவத்தில்கூடச் சாம்பல் தூசி. முக்காலியில் உட்கார்ந்தவன், யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருந்தான்.

தர்மராஜ் முதல் மேண்டலினை நீட்டினார். சவரியார் அதை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“ஒட்டுப் பலகைங்க. தகரம் மாதிரி கேக்கும்.”

அடடே, ஆள் லேசுப்பட்டவன் இல்லை! தர்மராஜ் இரண்டாவதை எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்து வழியாகப் பார்த்தான் சவரியார்.

“கழுத்து வளைஞ்சிருக்கு. கம்பி எட்டத்துல நிக்குது. அமுக்கியே வெரலு செத்துப்போவும்.”

இனி ஒளித்துப் பயனில்லை. மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருந்ததை இறக்கினார் தர்மராஜ்.

“கல்கத்தா சரக்கு தம்பி. ஒட்டு கிடையாது, முழுப் பலகை. போன வருஷம் வந்தது, வாங்கத்தான் ஆளில்ல.”

சவரியார் எட்டுக் கம்பியையும் ஒவ்வொன்றாக முறுக்கிச் சுருதி சேர்த்தான். கண்ணை மூடிக்கொண்டு மீட்டத் தொடங்கினான்.

தெருவில் சைக்கிளில் போன ஒருத்தர் காலை ஊன்றி நின்றுவிட்டார். தர்மராஜுக்கு மத்தியானத் தூக்கமெல்லாம் பறந்துவிட்டது. இத்தனை வருஷம் விற்றும் இப்படி ஒரு நாதத்தை இந்தக் கடை கேட்டதில்லையே என்று இருந்தது. மரிய புஷ்பம் மட்டும் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சவரியார் நிறுத்திவிட்டு, சிவந்துபோன விரல் நுனிகளைப் பார்த்தான்.

“தொட்டு ரொம்ப நாளாச்சோ?”

“ஆமாங்க.”

“சொந்தமா வச்சிருந்தது என்னாச்சு?”

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். “வித்தாச்சுண்ணே” என்றாள் அவள்.

ஐயோ பாவம், என்ன கஷ்டமோ! தர்மராஜ் மேண்டலினுக்கு உறை தேடினார்.

“இது என்ன வெலை?” என்று கேட்டாள் மரிய புஷ்பம்.

“இருநூத்திப் பத்து.”

அவள் முகம் தொங்கிவிட்டது. “நூத்தி அறுபதுதாண்ணே இருக்கு. கோழி முட்ட வித்துச் சேத்தது. பாத்துக் குடுங்க.”

“இது வேணாம் புஷ்பம்” என்றான் சவரியார். ஆனால் மேண்டலினைக் கீழே வைக்கவில்லை. “இது ரொம்ப நல்லாருக்கு. அந்த ரெண்டாவதையே எடுத்துக்கலாம்.”

“சும்மா இருங்க. நாலு பேரு பாக்குற எடம். கழுத்து வளைஞ்சதத் தூக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?”

காசுக்குத்தான் அவன் தயங்குகிறான் என்பது தர்மராஜுக்குப் புரிந்துவிட்டது. அவர் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். இந்தக் கடையைக் கொளுத்திவிட்டு மளிகை வைக்கச் சொல்லி நாள்தோறும் கரித்துக் கொட்டுகிறாள். இங்கேயோ, முட்டை விற்ற காசில் புருஷனுக்கு உசத்தி மேண்டலின்! கொடுத்து வைத்தவன்தான் இந்தச் சவரியார். வாங்கின விலைக்கே பதினைந்து ரூபாய் கையைக் கடிக்கும். கடிக்கட்டுமே, இவர்களுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

“நூத்தி அறுபதே குடு தங்கச்சி. உன் மனசுக்காகக் குடுக்கிறேன்.”

“நல்லாருப்பீங்கண்ணே!” என்று கும்பிட்டாள்.

மேண்டலினை உறையில் போட்டுக் கொடுத்த தர்மராஜ், கம்பி மீட்டுகிற சின்ன வில்லை ஒன்றையும் எடுத்துச் சவரியாரிடம் நீட்டினார். “இது சும்மா, என் அன்பளிப்பு. இன்னைக்கே கச்சேரிய ஆரம்பிங்க தம்பி.”

சவரியார் கை நீட்டவில்லை. மரிய புஷ்பம்தான் வாங்கி, மேஜைமேலேயே திருப்பி வைத்தாள்.

“இவருக்கு எதுக்குண்ணே இது? கச்சேரி கச்சேரின்னு வேல வெட்டிக்குப் போவாம, குடிச்சுட்டு ஊர் ஊராத் திரிஞ்ச மனுசன். கண்ணு நோவு போனா வெள்ளியில கண்ணும், காலு நோவு போனா காலும் செஞ்சு வைக்கிறோம்ல, அது மாதிரி இவரப் புடிச்ச மேண்டலின் நோவு போயிட்டா, உசத்தியா ஒரு மேண்டலினே காணிக்கையா வைக்கிறேன்னு ஏலாக்குறிச்சி கோயில் மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். தொடாம முழுசா ஆறு மாசம் ஆயிடுச்சு!”

சவரியார் மடியிலிருந்த மேண்டலினை எடுத்து அவளிடம் கொடுத்தான்.