தீர்த்தம் தெளித்த கார்டு

"யாருங்க இதுல தண்ணி ஊத்துனது?"

அட்டைப்பெட்டியிலிருந்து கிராபிக்ஸ் கார்டை வெளியே எடுத்த நியாஸ் அப்படியே நின்றுவிட்டான். செங்கல் பருமனில் இருந்த அந்தக் கார்டின் விசிறி இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டி, அவன் முழங்கை வரை வடிந்தது.

ஷைனி தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி இல்ல தம்பி, தீர்த்தம்" என்றார் ஜெயமேரி. "வேளாங்கண்ணியில இருந்து கொண்டாந்தது. மாதா படத்துக்கு முன்னால வச்சு, ஜெபம் சொல்லித் தெளிச்சேன். புதுச் சாமானை மந்திரிக்காமப் பொழங்கலாமா?"

"தெளிச்சீங்களா, குளிப்பாட்டுனீங்களா?"

"அய்யோ அம்மா! உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? புது பைக்கும் இதுவும் ஒண்ணா?" ஷைனி அழுதேவிட்டாள்.

அழாமல் என்ன செய்வாள்? கனடாவில் ஓர் அனிமேஷன் கம்பெனி, ஒரு நிமிடப் படம் செய்து நாளைக் காலை பத்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே வேலை. இவளிடம் இருந்த கம்ப்யூட்டரோ படத்தைத் திறந்தாலே மூச்சுமுட்டி நின்றுவிடும். அதனால்தான் இந்தக் கார்டை வாங்கி, பேகம்பூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நியாஸை மேட்டுப்பட்டியில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

"அழாதீங்க. உசுரு இருக்கான்னு பாப்போம்" என்றான் நியாஸ்.

கார்டைக் கவிழ்த்து உதறினான். பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டு இடுக்கெல்லாம் துடைத்தான். டேபிள் ஃபேனுக்கு முன்னால் நிறுத்திவைத்தான். ஷைனியின் ஹேர் டிரையரும் வந்தது. காலை பத்தரைக்கு ஆரம்பித்த வைத்தியம், மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டி ஓடியது. ஷைனி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஜெயமேரி மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னப்பா, தங்கப்பல்லு மாதிரி வரிசையா?"

"இதைத்தான்மா கம்ப்யூட்டருக்குள்ள சொருகணும். கை படக்கூடாது." நியாஸ் பள்ளிக்கூட ரப்பரால் அந்தப் பற்களைப் பதமாகத் தேய்த்தான்.

"கரன்டு இது வழியாவா போகும்?"

"ஆமாம்மா. அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது."

"அதுவும் சரிதான்" என்றார் ஜெயமேரி.

கார்டின் மேல்விளிம்பில் குட்டியாக ஒரு சுவிட்ச் இருந்தது. அதை நகத்தால் தள்ளினான். "வேகமா ஓடுறதுக்கு ஒரு பக்கம், நிதானமா ஓடுறதுக்கு ஒரு பக்கம். குளிச்ச உடம்பு, இன்னைக்கு நிதானமாவே ஓடட்டும்."

ஷைனிக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய கார்டுக்கான மென்பொருளைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தான். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினான். கையிலுள்ள நிலைமின்சாரம் இறங்க கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டு, பழைய கார்டைக் கழற்றிவிட்டு, புதுக் கார்டை விளிம்பில் பிடித்துச் சொருகி, திருகு முடுக்கி, ஒயரை மாட்டினான்.

"போடவா?"

ஷைனி கண்ணை மூடிக்கொண்டாள். ஜெயமேரி சிலுவை போட்டுக்கொண்டார்.

விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. ஷைனி தன் படத்தைத் திறந்தாள். அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு தாயைக் கட்டிக்கொண்டாள். "திட்டுனதுக்கு ஸாரிம்மா!"

"நல்லாயிரு" என்றார் ஜெயமேரி. மகள் உடனே வேலையில் உட்கார்ந்துவிட்டாள்.

நியாஸை வழியனுப்ப ஜெயமேரி வாசல் கேட் வரைக்கும் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அம்புட்டுத் தண்ணியிலயும் எப்படித் தம்பி பொழைச்சுச்சு?"

"கரன்டு ஏறுறதுக்கு முந்தி நனைஞ்சதால தப்பிச்சிருச்சும்மா. ஓடிக்கிட்டிருக்கும்போது ஊத்தியிருந்தீங்கன்னா, அந்த நிமிசமே முடிஞ்சிருக்கும்."

"தெரியும்ப்பா" என்றார் ஜெயமேரி. "இருபத்தெட்டு வருசம் பத்தாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுத்தவதான் நான். அவ கனடா போயிட்டா இந்த வீட்டுல ஒத்தையில கெடக்கணுமேங்குற பதட்டத்துல, நீங்க வந்து மாட்டுற வரைக்கும் பொறுக்காம ஊத்தித் தொலைச்சிட்டேன்."