ஒரே ஒரு சாம்பிள்

"லிம்போமான்னா லிம்போமாதான். அதுல என்னம்மா அண்ணன் லிம்போமா, தம்பி லிம்போமான்னு?"

புற்றுநோய்ப் பிரிவின் சீஃப் டாக்டர் இப்படிக் கேட்டதும், கூட்டத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி விழும் என்பது அங்கே ஊரறிந்த விஷயம்.

அந்த இளம் பெண் டாக்டர் மட்டும் விடவில்லை.

"மைக்ரோஸ்கோப்ல பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் சார் தெரியும். ஜீனைப் படிச்சாத்தான் வேற வேற வியாதின்னு புரியுது. ஒண்ணு வழக்கமான மருந்துக்குக் கேக்கும், இன்னொண்ணு கேக்காது. நம்ம வார்டுல படுத்திருக்கற அந்த பஸ் டிரைவருக்கு எதுன்னே தெரியாம எப்படி சார் மருந்து ஏத்துறது? ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு அவருக்கு."

"என் கண்ணுக்குத் தெரியாதது மெஷினுக்குத் தெரியப் போகுதா? வழக்கமான மருந்தையே ஏத்துங்க. கேக்கலைன்னா அப்புறம் பாத்துக்கலாம்."

கூட்டம் கலைந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாரம் ஜீன் டெஸ்ட் மெஷினில் இன்னும் ஒரே ஒரு சாம்பிளுக்குத்தான் இடம் இருந்தது. சீஃப் கையெழுத்துப் போடாமல் அதையும் தொட முடியாது.

சற்று நேரத்தில் அவள் அறைக்கதவு மெதுவாகத் திறந்தது. சீஃப்தான். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. ஆள் இடிந்து போயிருந்தார்.

"இதுக்கு உன் ஜீன் டெஸ்டைப் பண்ணிடும்மா. இன்னிக்கே. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"இப்பத்தானே சார் தேவையில்லைன்னீங்க?"

"அது மீட்டிங்குக்குச் சொல்றது. ராத்திரி பூரா நீ எழுதின கட்டுரையத்தான் படிச்சிட்டிருந்தேன். எந்த வகைன்னு தெரியாம குருட்டாம்போக்குல மருந்து ஏத்தறவன் டாக்டரே இல்ல."

"யாருக்கு சார்?"

"நம்ம வீட்டுச் சின்னவனுக்கு. கழுத்துல கட்டி." அவர் குரல் உடைந்தது. "எட்டு வயசுதாம்மா ஆகுது."

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. பஸ் டிரைவரிடம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, டப்பாவை வாங்கி மெஷின் அறைக்கு அனுப்பிவிட்டாள்.

"தைரியமா இருங்க சார். சாப்பிடறானா?"

சீஃப் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கம்மா சாப்பிடறான்... நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சாக்கூட வாலை ஆட்ட மாட்டேங்கிறான்."