மாலை போட்ட சோக்

மலைமேல் உறைகிற குளிர். பொன்னுரங்கம் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சாவியைத் திருகித் திருகி, போன மாதம் வாங்கிய பேட்டரியின் உயிரை எடுத்தார்.

"எவ்வளவுதான் முக்குறது? பத்தித் தொலையேன்டா!" என்று பேட்டரி கார்புரேட்டரிடம் எரிந்து விழுந்தது.

"குளிர்ல காத்தைக் குறைச்சு பெட்ரோலைக் கூட்டணும். அதுக்கு அந்த சோக்கை இழுக்கணும். இழுத்தாரா?"

பேட்டரி சோக் குமிழைப் பார்த்துக் கத்தியது. "ஏய், உனக்கென்ன கேடு?"

"ஆயுத பூஜைக்கு மாலை மாட்ட வாகா நான்தான் நீட்டிக்கிட்டு இருந்தேன். அன்னையிலேர்ந்து நான் சாமி. சாமியை யாராவது பிடிச்சு இழுப்பாங்களா?"

பொன்னுரங்கம் சலிப்போடு சாவியை உருவினார். சோக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்த பேட்டரியும் தண்டம். மாத்திட வேண்டியதுதான்."