முதல் பார்வை

செண்பகத்தின் ஒரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. மறு கையில் போன்.

துர்க்கை சிலைக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

புருஷன் ரத்தினவேல் ஸ்தபதி சிலைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து தங்க உளியை எடுத்தார். எதிரே உட்கார மாட்டார். திறந்த கண்ணின் முதல் பார்வை நெருப்பு. அதைக் கண்ணாடிதான் வாங்க வேண்டும், மனுஷர் வாங்கக் கூடாது. அவர் வம்சத்தில் யாரும் இதை மீறியதில்லை.

கண் திறப்பதை வாங்குகிறவர்களுக்கு வீடியோவில் காட்டலாம் என்றது செண்பகம்தான். மற்றப் பட்டறைகள் எல்லாம் காட்டுகின்றன, ஆர்டரும் அங்கேதான் ஓடுகிறது. நச்சரித்து நச்சரித்துச் சம்மதிக்க வைத்தாள்.

"போன்ல பார்வை பட்டா, அந்தப் பக்கம் இருக்கறவங்க மேல பட்ட மாதிரியா?" என்று ஒரு நாள் கேட்டார்.

நல்லா கேட்டீங்க போங்க என்று சிரித்தாள்.

ஆனாலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலில் கண்ணாடி. அப்புறம்தான் போன்.

இங்கே விடிகாலை. கனடாவில் சாயங்காலம். திரையில் ரஞ்சினி பட்டுச் சேலையில் இருந்தாள். அவள் வீட்டுச் சாமியறைக்குத்தான் இந்தத் துர்க்கை.

உளி மெல்ல இறங்கியது.

"அக்கா, கண்ணாடி மறைக்குது. கொஞ்சம் விலத்துங்கோ. பிள்ளை பார்க்க ஆசைப்படுறா."

வாங்க வந்தவர்கள் கேட்டதைச் செய்து கொடுத்தே பழகிய கை. தானாக நகர்ந்துவிட்டது.

கடைசிக் கீறல் விழுந்தது.

திரை முழுக்க ஒரு குழந்தை முகம்.

"அம்மா, சாமி என்னைப் பாக்குது!"

ஐயோ. வெடுக்கென்று கண்ணாடியை முன்னால் கொண்டுவந்தாள். வந்து என்ன பிரயோஜனம்?

ரத்தினவேல் குனிந்தபடி உலோகத் தூளை ஊதிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடில விழுந்துச்சா, செண்பகம்?"

"விழுந்துச்சுங்க."

அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் ஒன்றும் இல்லை இது. ஆனாலும் அவர் நிமிர்வதற்குள் போனை அணைத்தாள்.

மெருகு வேலை பாக்கி இருந்தது. அது முடியும்வரை தினமும் எழுந்ததும் ரஞ்சினிக்கு மெசேஜ் அனுப்பினாள். பாப்பா நல்லா இருக்காளா?

போட்டோ வரும். பனிக் கோட்டில் பாப்பா. ஊஞ்சலில் பாப்பா. பைத்தியக்காரி, வெறும் போனுக்குப் போய் இப்படிப் பயப்படுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

ரஞ்சினி பகிர்ந்த வீடியோவைப் பார்த்து ஆர்டர்கள் வந்தன. ரத்தினவேலுக்குப் பட்டறையே நிறைந்த சந்தோஷம். போனுக்கு அவரே ஒரு ஸ்டாண்டு வாங்கி வந்தார்.

துர்க்கையைப் பெட்டியில் வைத்த அன்று போட்டோ வரவில்லை. மெசேஜ் மட்டும் வந்தது.

'அக்கா, சிலையை இப்ப அனுப்பாதேங்கோ. எங்கட வீட்டில ஒரு துக்கம் நடந்திட்டுது.'

யாரு என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள்.

ரஞ்சினியின் மாமியார் படுத்த படுக்கை என்று எப்போதோ சொன்னதாக ஞாபகம். அந்தக் கிழவியாக இருக்கட்டும், தாயே. இப்படி வேண்டுவது பாவம் என்று தெரியும். வேண்டினாள்.

உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் நின்றது.

"கூரியர் எப்ப வருதுன்னு கேட்டியா?"

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னும் கேக்கலங்க."